ஓப்பன்ஜீஎல்லா டி3டியா: ஒரு மெனுவில் இருந்து தொடங்கும் வரலாறு

2009. நான் தரம் 8. வீரமுனையில் இருந்து சைக்கிளை மிதித்தால் சம்மாந்துறை கொஞ்ச நேரம்தான். அங்கே ஒரு நெற் கஃபே இருந்தது. ஆறு கொம்பியூட்டர். ஐந்தில் மதர்போர்டோடு ஒட்டி வந்த இன்டெல் கிராஃபிக்ஸ்தான். ஆறாவதில் மட்டும் யாரோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து கொடுத்த என்விடியா கார்ட் ஒன்று போட்டிருந்தது. அந்த ஆறாவதுக்குத்தான் அடிபிடி.

ஓடியது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. வீரமுனைப் பொடியன்மாரும் சம்மாந்துறைப் பொடியன்மாரும் கலந்துதான் இருப்போம். டெரரிஸ்ட் பக்கம் எடுப்பவன் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டான், "நான் மற்றப் பக்கம்" என்பான். வருசம் 2009 என்றேன் அல்லவா.

அந்தக் கேமில் ஒப்ஷன்ஸுக்குள் போய் வீடியோவைத் தட்டினால் ரெண்டரர் என்று ஒரு பெட்டி வரும். உள்ளே மூன்று தெரிவுகள்: சொஃப்ட்வெயார், ஓப்பன்ஜீஎல், டி3டி. அர்த்தம் எவனுக்கும் தெரியாது. ஆனால் மாற்றினால் கேம் மாறும் என்று மட்டும் தெரியும். ஒன்றில் சுவர் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒன்றில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஒன்றில் திரை கறுப்பாகிக் கொம்பியூட்டரே படுத்துவிடும். கடைக் காக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மொனிட்டருக்குக் கீழேயும் ஒரு கடதாசித் துண்டு ஒட்டினார். ஒன்று, இரண்டு, நான்கில் "டி3டி". மூன்றிலும் ஐந்திலும் "சொஃப்ட்". ஆறில் "ஓஜீ". யாராவது கை வைத்தால், "தம்பி, தொடாதடா அத. எழுதி ஒட்டியிருக்கு, கண் தெரியாதா?"

இப்போது ஏன் இது ஞாபகம் வந்தது என்றால், போன மாதம் சித்தியின் மகன் வட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராதாம். லினக்ஸ் போட்டா ஜீ.டி.ஏ. இன்னும் ஸ்பீடா ஓடுமாமே, உண்மையா?" யூடியூப்பில் இரண்டு திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலையில் எண்கள் ஓட, லினக்ஸ் வென்றுவிட்டது என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறான். அந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் அவை அவனுடைய கொம்பியூட்டரின் எண்கள் இல்லை. ஏன் என்று சொல்ல, அந்த மெனுவில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

(எங்கட பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்லும், இந்தியத் தளங்களில் இயங்குதளம் என்பார்கள். நான் பேசாமல் ஓ.எஸ் என்றே எழுதுகிறேன்.)

ஒரு கேம், "இந்த முக்கோணத்தை இந்த இடத்தில் இந்த நிறத்தில் வரை" என்று செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கான மொழிதான் ஓப்பன்ஜீஎல், டைரக்ட்3டி எல்லாம். கேட்டதை கிராஃபிக்ஸ் சிப்புக்கு விளங்கும் கட்டளையாக மாற்றிக் கொடுப்பது டிரைவர். மெனுவில் இருந்த சொஃப்ட்வெயார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ப்ரொசெஸரே ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் பார்த்து வரையட்டும் என்று அர்த்தம். 1996 ஜூனில் வந்த குவேக் முதலில் அப்படித்தான் ஓடியது. அந்தக் குவேக்கின் எஞ்சினை வாங்கித் திருத்தித்தான் 1998இல் ஹாஃப்-லைஃப் வந்தது. ஹாஃப்-லைஃபின் மேல்தான் கவுண்டர் ஸ்ட்ரைக். ஆக, சம்மாந்துறையில் நாங்கள் பார்த்த மெனு தொண்ணூறுகளில் நடந்த ஒரு சண்டையின் மிச்சம்.

ஓப்பன்ஜீஎல் மூத்தது. 1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் என்ற நிறுவனம், தன்னுடைய விலை கூடிய இயந்திரங்களுக்கு வைத்திருந்த ஐரிஸ் ஜீஎல் என்ற மொழியைத் திருத்தி எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதைப் பராமரிக்கும் குழுவில் ஐ.பி.எம், இன்டெல் எல்லாம் இருந்தன. மைக்ரோசொஃப்டும் ஆரம்ப உறுப்பினர்தான், பலருக்கு இது தெரியாது. எந்த ஓ.எஸ்ஸாக இருந்தாலும் ஒரே மொழி என்பதுதான் அதன் கொள்கை.

டைரக்ட்3டி பிறந்தது வேறு தேவையில். அந்தக் காலத்தில் கேம் எழுதுபவர்கள் டொஸ்ஸில்தான் எழுதினார்கள். டொஸ்ஸில் வன்பொருளை நேரே தொடலாம், குறுக்கே யாரும் இல்லை. விண்டோஸ் குறுக்கே நின்றது. 1994 நத்தாருக்கு வந்த லயன் கிங் விண்டோஸ் கேம், அப்போது புதிதாக விற்ற கொம்பாக் கொம்பியூட்டர்களில் அந்தக் கார்டின் டிரைவரோடு ஒத்துவராமல் விழுந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த தாய் தகப்பன்மார் போன் எடுத்துச் சண்டை பிடித்தார்கள். மைக்ரோசொஃப்டுக்கு உள்ளேயிருந்த அலெக்ஸ் சென். ஜோன், கிரேக் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ரோம் என்ற மூன்று பேர் இதற்கு ஒரு வழி செய்யக் கிளம்பியதில்தான் 1995 செப்டம்பரில் டைரக்ட்எக்ஸ் வந்தது. முப்பரிமாணத்துக்கு ரெண்டர்மோர்ஃபிக்ஸ் என்ற பிரித்தானியக் கம்பனியையே வாங்கி, 1996இல் டைரக்ட்3டியைச் சேர்த்தார்கள். விண்டோஸில் கேம் ஓடும் என்று உலகத்துக்குக் காட்ட டூமை விண்டோஸ் 95க்கு மாற்றிய அணிக்குத் தலைமை தாங்கியவர் கேப் நியூவெல் என்ற மைக்ரோசொஃப்ட் ஊழியர். இந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், ஆள் திரும்பி வருவார்.

முதல் டைரக்ட்3டி மோசம். ஒரு முக்கோணம் வரையக் கட்டளைகளை எல்லாம் ஒரு பொதியாகக் கட்டி அனுப்ப வேண்டும், பிழை வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. குவேக்கை எழுதிய ஜோன் கார்மக் 1996 டிசம்பரில் இதைப் பகிரங்கமாகத் தாக்கி எழுதினார், தான் ஓப்பன்ஜீஎல் பக்கம்தான் என்று. 1997 ஜனவரியில் ஜீஎல்குவேக் வந்தது. அப்போது எல்லோரும் ஆசைப்பட்ட கார்ட் 3டிஎஃப்எக்ஸின் வூடூ. ஆனால் வூடூவிடம் முழுமையான ஓப்பன்ஜீஎல் டிரைவர் இல்லை. அதனால் குவேக் எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்துகிறதோ அவற்றை மட்டும் விளங்கிக்கொள்ளும் ஒரு குட்டி டிரைவரைச் செய்து மினிஜீஎல் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு கேமுக்காக ஒரு டிரைவர். அதாவது ஆரம்பத்தில் இருந்தே "இந்த ஓ.எஸ்ஸில் இவ்வளவு வேகம்" என்ற எண்ணுக்குப் பின்னால், யாரோ ஒருவர் அந்தக் கேமுக்கும் அந்தக் கார்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். அந்த வேலையைத் தனியே பிரித்துவிட்டு ஓ.எஸ்ஸை மட்டும் அளக்க இன்றுவரை வழி இல்லை.

வேலை என்று சொன்னால் எல்லாம் நேர்மையான வேலையும் இல்லை. 2001இல் ஏ.டி.ஐயின் ரேடியன் 8500 கார்ட் குவேக் 3இல் நல்ல எண்களைக் காட்டியது. யாரோ சந்தேகப்பட்டு, கேமின் கோப்புப் பெயரில் இருந்த குவேக்கைக் குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எண் விழுந்துவிட்டது, படமோ தெளிவாகிவிட்டது! டிரைவர் பெயரைப் பார்த்து, குவேக் என்றால் சுவர்களின் படத்தரத்தைக் களவாகக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பென்ச்மார்க் வீடியோ பார்க்கும்போதெல்லாம் குவாக் ஞாபகம் வரும்.

கொள்கையில் நான் ஓப்பன்ஜீஎல் கட்சி என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இரண்டாயிரத்துக்குப் பிறகு டைரக்ட்3டி உண்மையிலேயே முன்னுக்குப் போனது. 2000இல் வந்த டைரக்ட்எக்ஸ் 8, கார்டுக்குள் ஓடும் குட்டிப் புரோகிராம்களை, அதாவது ஷேடர்களை, கேம் எழுதுபவர்களின் கையில் கொடுத்தது. ஓப்பன்ஜீஎல் குழு கூடிக் கூடிப் பேசி அதற்கான மொழியைத் தன் 2.0 பதிப்பில் சேர்க்க 2004 ஆகிவிட்டது. 2003இல் மைக்ரோசொஃப்ட் அந்தக் குழுவை விட்டே விலகியது. 2007இல் டைரக்ட்எக்ஸ் 10 வேண்டுமென்றால் விஸ்டா போடு என்றது. 2011 அளவில் கார்மக்கே டைரக்ட்3டி இப்போது மேல் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த நேரமெல்லாம் லினக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது? பிரையன் போல் என்ற ஒருவர் 1993இல் தன் ஓய்வு நேரத்தில் மெசா என்ற இலவச ஓப்பன்ஜீஎல்லை எழுதத் தொடங்கியிருந்தார். இன்று லினக்ஸில் இன்டெல், ஏ.எம்.டி கார்டுகள் ஓடுவது அந்த மெசாவின் மேல்தான். 1998இல் லோக்கி என்ற கம்பனி விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்தது, 2002 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அதே 1993இல் தொடங்கிய இன்னொன்று வைன். விண்டோஸுக்கு எழுதிய புரோகிராமை லினக்ஸில் ஓட வைப்பது அதன் வேலை. 1.0 பதிப்பு வர 15 வருசம், 2008 ஜூன் ஆனது.

வைனை விளங்கிக்கொள்ள அம்பாறை மாவட்டத்துக்காரருக்குக் கஷ்டம் இராது. கந்தோரில் இருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வருகிறது. ஊரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோகிறோம். அவர் வாசித்து, தமிழில் சொல்லி, பதிலைச் சிங்களத்தில் எழுதித் தருகிறார். வைன் அந்த ஆள். அது விண்டோஸ் மாதிரி நடிப்பதில்லை, கேம் டைரக்ட்3டியில் கேட்பதை எடுத்து ஓப்பன்ஜீஎல்லில் சொல்கிறது. ஆள் கெட்டிக்காரர் என்றால் வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் நேரம் போகும். சில சொற்களுக்கு நேரான தமிழ் இருக்காது, சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டிவரும். அந்தச் சுற்றுத்தான் லினக்ஸில் காணாமல் போன எஃப்.பி.எஸ்.

சரி, கேப் நியூவெல். அவர் 1996இலேயே மைக்ரோசொஃப்டை விட்டு வந்து வால்வ் கம்பனியைத் தொடங்கிவிட்டார். ஹாஃப்-லைஃப் அவர்களுடையது, ஸ்டீம் கடையும் அவர்களுடையது. 2012இல் விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு கடையோடு வரப்போகிறது என்றதும், இது கொம்பியூட்டர் உலகத்துக்கே பேரழிவு என்று மேடையில் சொன்னார். டூமை விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர் இப்போது லினக்ஸைத் தேடிப் போகிறார். தத்துவம் ஒன்றும் இல்லை, கடை பறிபோகும் பயம்.

2012 ஓகஸ்ட் முதலாம் திகதி வால்வின் லினக்ஸ் அணி ஒரு பதிவு போட்டது. இதுவரை வந்த ஓ.எஸ் ஒப்பீடுகளில் அதிகம் பேசப்பட்டது இதுதான் என்பேன். கேம் லெஃப்ட் 4 டெட் 2. இயந்திரம் கோர் ஐ7 3930கே, ஜீடிஎக்ஸ் 680 கார்ட், 32 ஜீபி ரேம். விண்டோஸ் 7இல் டைரக்ட்3டியோடு 270.6 எஃப்.பி.எஸ். உபுண்டு 12.04இல் ஓப்பன்ஜீஎல்லோடு 315. லினக்ஸ் 16 சதவீதம் மேல்!

எல்லோரும் அந்த இரண்டு எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே பதிவில் இருந்த இன்னும் இரண்டு எண்களைத்தான் நான் முக்கியம் என்பேன். ஒன்று, 6. லினக்ஸில் முதல்முதல் ஓட்டியபோது கிடைத்தது செக்கனுக்கு வெறும் 6 படம். அதே ஓ.எஸ், அதே கார்ட். ஆறை முந்நூற்றுப் பதினைந்தாக்கியது கேமைத் திருத்தியதும், டிரைவர் எழுதும் கம்பனிகளோடு கூட இருந்து வேலை செய்ததும்தான். மற்றது, 303.4. லினக்ஸுக்காகச் செய்த ஓப்பன்ஜீஎல்லை விண்டோஸிலேயே போட்டபோது வந்த எண் அது. அப்படியென்றால் வித்தியாசத்தில் பெரும்பங்கு லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இடையில் இல்லை, அந்தக் கேமின் இரண்டு கிராஃபிக்ஸ் மொழிகளுக்கு இடையில். நம்மட மெனுவேதான்.

இன்னொரு வேடிக்கை, அந்த லினக்ஸ் பதிப்பும் மொழிபெயர்ப்புத்தான். டைரக்ட்3டி 9 கட்டளைகளை ஓப்பன்ஜீஎல்லாக மாற்றும் ஒரு அடுக்கைக் கேமுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மொழிபெயர்த்தது மூலத்தை விட வேகமாக ஓடியிருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எஃப்.பி.எஸ்ஸை விட, ஒரு படம் வரைய எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் கைக்குத் தெரியும். 270.6 என்றால் ஒரு படத்துக்கு 3.70 மில்லிசெக்கன். 315 என்றால் 3.17. இடைவெளி அரை மில்லிசெக்கன், கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. இப்போது எங்கட பக்கத்துப் பழைய கொம்பியூட்டர் ஒன்றை எடுங்கள். 20 எஃப்.பி.எஸ் என்றால் ஒரு படத்துக்கு 50 மில்லிசெக்கன். அது 24 ஆனால் 41.7. குறைந்தது 8 மில்லிசெக்கனுக்கு மேல், வால்வ் கண்டதைப் போல 16 மடங்கு. அவர்களுக்கு 44 எஃப்.பி.எஸ் கூடியது செய்தி. நமக்கு 4 கூடினால் அந்தக் கேமை விளையாடலாமா இல்லையா என்பதே மாறும். ஒப்பீடுகளோ எப்போதும் அந்த நேரத்தின் விலை கூடிய கார்டில்தான் நடக்கின்றன.

வெற்றி மூன்று வருசம்தான். 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்று லினக்ஸ் பெட்டிகளை விற்பனைக்கு விட்டபோது, ஆர்ஸ் டெக்னிக்கா தளம் ஒரே இயந்திரத்தில் ஸ்டீம்ஓஎஸ்ஸையும் விண்டோஸ் 10ஐயும் போட்டு அளந்தது. பெரிய கேம்களில் லினக்ஸ் பக்கம் 21 முதல் 58 சதவீதம் வரை விழுந்தது. வால்வின் சொந்தக் கேம்களே அடிவாங்கின, லெஃப்ட் 4 டெட் 2 மட்டும் சமமாக நின்றது. யார் யார் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்று அந்த ஒரு விதிவிலக்கே காட்டிக்கொடுக்கிறது. பெட்டிகள் விலைபோகவில்லை.

நிலைமை மாறியது வல்கனோடு. ஏ.எம்.டி 2013இல் தன் கார்டுகளுக்கு மட்டும் மேன்டில் என்ற புது மொழியைக் கொண்டுவந்தது. டிரைவர் ஊகித்துச் செய்யும் வேலைகளைக் குறைத்து, கேமே நேராகச் சிப்போடு பேசும் முறை. அதைப் பொதுக் குழுவிடம் கொடுத்ததில் இருந்து 2016 பெப்ரவரியில் வல்கன் வந்தது. முதல் இரண்டு வருசம் பெரிதாக எவரும் சீண்டவில்லை. பிறகு பிலிப் ரெபோலே என்ற ஜேர்மன் பொடியன், நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டு, டைரக்ட்3டி 11ஐ வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கேயைத் தனியே எழுதத் தொடங்கினார். ஓப்பன்ஜீஎல்லுக்கு மாற்றும்போது சுற்றி வளைக்க வேண்டியிருந்த பலது வல்கனில் நேரே போனது. 2018 தொடக்கத்தில் வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதே வருசம் ஓகஸ்டில் வைனையும் டி.எக்ஸ்.வி.கேயையும் கட்டி புரோட்டான் என்று ஸ்டீமுக்குள்ளேயே வைத்தார்கள். 2022 பெப்ரவரியில் கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக்.

அதே வாரம் எல்டன் ரிங் வந்தது. விண்டோஸில் நல்ல கார்ட் வைத்திருந்தவர்களுக்கும் கேம் விக்கி விக்கி ஓடியது. ஸ்டீம் டெக்கில் அந்த விக்கல் குறைவு. எஃப்.பி.எஸ் கூட இல்லை, டெக்கின் சிப் சின்னது. காரணம் கடிதக் கதையில் இருக்கிறது. புது எஃபெக்ட் ஒன்று திரைக்கு வரும் நேரத்தில்தான் அதன் ஷேடரை உங்கள் கார்டின் மொழிக்கு மாற்றுவார்கள், அந்த நொடியில் கேம் நிற்கும். எல்லா டெக்கிலும் ஒரே சிப் என்பதால், வால்வ் அந்த மொழிபெயர்ப்புகளை முன்கூட்டியே செய்து டவுன்லோடோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. இந்தக் கேமுக்கென்று நினைவக விசயத்திலும் ஒரு திருத்தம் போட்டார்கள். கேம் எழுதியவர்கள் செய்யாததை மொழிபெயர்ப்பாளர் செய்திருக்கிறார்.

2025இல் அதே ஆர்ஸ் டெக்னிக்கா, லெனோவோவின் லீஜன் கோ எஸ்ஸில் விண்டோஸ் 11ஐயும் ஸ்டீம்ஓஎஸ்ஸையும் அளந்தது. ஐந்து கேமில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் முன்னுக்கு. சித்தியின் மகன் பார்த்த வீடியோக்கள் இந்தக் காலத்தவை. (மேக்கைப் பற்றி ஒரு வரி: அப்பிள் ஓப்பன்ஜீஎல்லை வருசக்கணக்காக 4.1இலேயே விட்டுவைத்து, 2018இல் கைவிடுவதாக அறிவித்தது. வல்கனையும் எடுக்கவில்லை, தன் மெட்டல்தான் என்றது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு மேக் பதிப்பே இல்லை.)

அப்போ தம்பிக்கு என்ன பதில்? அவனிடம் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ப்ரொசெஸரும் ஜீடி 730 கார்டும். கல்முனைப் பக்கம் பழைய கொம்பியூட்டர் ஒன்றுக்குக் கார்ட் கேட்டால் இன்னும் கைக்கு வருவது அதுவும் ஜீடி 710உம்தான். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தொட்ட பிறகு, புது கார்ட் வாங்கு என்று யாரிடமும் சொல்ல வாய் வருவதில்லை. விண்டோஸ் 11 அந்த ப்ரொசெஸரை ஏற்காது. 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10இன் ஆதரவும் முடிந்தது. லினக்ஸ் போடச் சொல்லி உலகமே சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். லினக்ஸின் புது வேகம் முழுக்க வல்கனின் மேல் நிற்கிறது. 2022 கடைசியில் வந்த டி.எக்ஸ்.வி.கே 2.0இல் இருந்து வல்கன் 1.3 கட்டாயம். கெப்ளர் தலைமுறை என்விடியாக் கார்டுகளுக்கு அந்தக் கம்பனியின் கடைசி டிரைவர் 470 வரிசை, அதில் வல்கன் 1.2தான். நான்காம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு லினக்ஸில் வல்கன் அரைகுறை. ஆக, புது புரோட்டானைப் போட்டுவிட்டு ஜீ.டி.ஏ. 5ஐத் திறந்தால் ஒன்றும் திறக்காது. பழைய டி.எக்ஸ்.வி.கே 1.10.3ஐத் தேடிப் போட வேண்டும், அல்லது வைனின் பழைய ஓப்பன்ஜீஎல் வழியால் போக வேண்டும். அந்த வழியில் 2015இன் கதைதான், விண்டோஸை விடக் குறைவாகத்தான் ஓடும். லினக்ஸின் வெற்றி வீடியோக்களில் ஓடும் இயந்திரங்களுக்கு விண்டோஸ் 11உம் ஓடும். விண்டோஸ் 11 வெளியே தள்ளிய இயந்திரங்களை டி.எக்ஸ்.வி.கே 2.0உம் வெளியேதான் தள்ளியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பத்து வருசக் கார்டுக்குச் சம்பளமில்லாமல் யார் எழுதிக்கொண்டிருப்பார்? ஆனால் "பழைய கொம்பியூட்டருக்கு லினக்ஸ்" என்று பொதுவாகச் சொல்பவர்கள் கேம் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்லைன் விளையாடுவது என்றால் கதை இன்னும் குறுகியது. வலொரன்ட் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 ஒக்டோபர் கடைசியில் லினக்ஸை வெட்டிவிட்டது. ஜீ.டி.ஏ. ஒன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற களவுதடுப்பைப் போட்டதில் இருந்து லினக்ஸ்காரர் உள்ளே போக முடியாது, கதைப் பகுதி மட்டும் விளையாடலாம். இதில் எஃப்.பி.எஸ்ஸுக்கு வேலையே இல்லை. அந்தக் கம்பனிகள் ஒரு முடிவு எடுத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6ஐ வால்வ் 2013 ஜனவரியிலேயே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. அது நேரே ஓப்பன்ஜீஎல்லில் ஓடும், மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவையில்லை, பழைய இன்டெல் கிராஃபிக்ஸிலும் மெசா நன்றாக ஓட்டும். தம்பிக்கு இதைச் சொன்னேன். "அது உங்கட காலத்துக் கேம் அண்ணா" என்றான்.

கடைசியில் அவனுக்கு அனுப்பியது இதுதான். விண்டோஸை அழிக்க முதல் ஜீ.பீ.யூ-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கித் திறந்து பார். ஜீடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்புகளை விற்றிருக்கிறார்கள், பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. ஜீ.கே 208 என்று காட்டினால் அது கெப்ளர். அப்படியென்றால் ஹார்ட் டிஸ்கில் ஒரு பகுதியைப் பிரித்து லினக்ஸைப் பக்கத்தில் போட்டு, டி.எக்ஸ்.வி.கே 1.10.3ஓடு ஓட்டிப் பார், எண்ணை விட்டுவிட்டு எத்தனை தடவை விக்குகிறது என்று எண்ணு. ஜீ.எஃப் 108 என்று காட்டினால் அது அதற்கும் முந்திய ஃபெர்மி, அதற்கு வல்கன் எந்த ஓ.எஸ்ஸிலும் கிடையாது. படிக்க, எழுத, இணையத்துக்கு லினக்ஸ் போடு. ஜீ.டி.ஏ. விளையாட அந்த விண்டோஸ் 10ஐ நெற் கனெக்ஷனைக் கழற்றி அப்படியே வைத்துக்கொள்.

இரண்டு நாள் கழித்து ஸ்க்ரீன்ஷொட் வந்தது. ஜீ.எஃப் 108.